வஸ்வாஸும் அதன் வைத்தியமும்: ஒரு வரலாற்றுப் பார்வை



கொஞ்சம் நீளமான பதிவு இது. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். வீட்டில் யாருக்காவது தேவைப்படும் என்று நினைத்தால் அவர்களுக்கும் அனுப்பி வையுங்கள்.

நமது ஊர்களில் இப்படியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வுழூச் செய்யப் போனால் கால் மணித்தியாலம், அரை மணித்தியாலம் என்று பைப்படியிலேயே நிற்பார்கள். ஜமாஅத் முடிந்து எல்லோரும் வெளியேறும்போதுதான் ஸஃப்புக்கு வருவார்கள். தக்பீர் கட்டுவார்கள், கையை விடுவார்கள், மறுபடி கட்டுவார்கள். வெளியில் தெரிவது இவ்வளவுதான். வெளியில் தெரியாத இன்னொரு கூட்டம் இருக்கிறது. தொழுகையில் நிற்கும்போதே அல்லாஹ்வைப் பற்றியும் நபியவர்களைப் பற்றியும் சொல்ல நாக்கூசும் எண்ணங்கள் அவர்களுக்கு வரும். பெற்ற பிள்ளையைத் தூக்கும்போது கீழே போட்டு விடுவேனோ என்று ஒரு தாய்க்கு எண்ணம் வரும். கத்தியைக் கண்டால் யாரையாவது குத்தி விடுவேனோ என்று ஒருவருக்கு வரும். யாருக்கும் சொல்ல மாட்டார்கள். ஈமான் போய்விட்டது, நான் கெட்டவன், எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகிறது என்று தமக்குள்ளேயே தீர்ப்பெழுதி வைத்துக் கொண்டு வருடக்கணக்கில் வாழ்வார்கள்.

இவர்களைப் பற்றி ஊர் இரண்டு விதமாகப் பேசுகிறது. ஒன்று, "ஷைத்தான் சேஷ்டை, ஓதிப் பார்க்க வேணும்" என்பது. மற்றது, "இதெல்லாம் இந்தக் காலத்து வருத்தம், நம்மட முன்னோருக்கு இது இருக்கவில்லை" என்பது. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இரண்டாவது பேச்சு முற்றிலும் பிழை. முதலாவது பேச்சும், நமது இமாம்கள் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக் கொண்ட பேச்சு. அந்த வரலாற்றைத்தான் இங்கே சுருக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

*1. சொல்லும் ஆரம்பமும்*

வஸ்வாஸ் என்ற அரபுச் சொல்லுக்கு மெல்லிய ஓசை, கிசுகிசுப்பு என்று பொருள். பெண்கள் அணியும் நகை உரசும்போது எழும் சிறு ஓசைக்கும் பழைய அரபிகள் இந்தச் சொல்லையே பயன்படுத்தினார்கள். குர்ஆனின் கடைசி ஸூராவான அந்நாஸில் நாம் பாதுகாவல் தேடுவதும் இதிலிருந்துதான்.

ஸஹாபாக்களுக்கும் இது வந்திருக்கிறது. ஸஹீஹ் முஸ்லிமில் ஈமான் பற்றிய பாடத்தில் வரும் சம்பவம் நம்மில் பலர் கேட்டதுதான். ஸஹாபாக்களில் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, வாயால் சொல்வதையே பாரதூரமாகக் கருதும் அளவுக்கான எண்ணங்கள் தமது உள்ளத்தில் வருவதாக முறையிட்டார்கள். அப்படியா உணர்கிறீர்கள் என்று நபியவர்கள் கேட்டார்கள். ஆம் என்றார்கள். அதுதான் தெளிவான ஈமான் என்று பதில் வந்தது. அந்த எண்ணத்தைக் கண்டு உள்ளம் பதறுவது ஈமான் இருப்பதன் அடையாளம் என்றே இமாம்கள் இதற்கு விளக்கம் எழுதினார்கள். ஈமான் இல்லாத உள்ளம் ஏன் பதறப் போகிறது?

இன்னும் மூன்று வழிகாட்டல்கள் ஹதீஸ்களில் இருக்கின்றன. உள்ளத்தில் தோன்றுவதைச் சொல்லாத வரைக்கும், செய்யாத வரைக்கும் இந்த உம்மத்துக்கு அது மன்னிக்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. அல்லாஹ்வைப் படைத்தது யார் என்பது வரை எண்ணம் போனால் பாதுகாவல் தேடி அதோடு நிறுத்திக் கொள்ள வேண்டும், விவாதத்தைத் தொடரக் கூடாது என்பது இரண்டாவது. தொழுகையில் காற்றுப் பிரிந்ததோ என்று சந்தேகம் வந்தால், ஓசை கேட்காமல் அல்லது வாடை உணராமல் தொழுகையை விட்டுப் போக வேண்டாம் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதிலிருந்துதான் "உறுதியானது சந்தேகத்தால் நீங்காது" என்ற பெரிய பிக்ஹ் விதியை அறிஞர்கள் எடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய ஆட்சி தொகுத்த மஜல்லா சட்ட நூலிலும் அது ஆரம்ப விதிகளில் ஒன்றாக இடம்பிடித்தது.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். எண்ணம் குற்றமல்ல. எண்ணத்தோடு வாதாடாதே. சந்தேகம் வந்ததற்காகச் செயலைத் திரும்பச் செய்யாதே. பின்னால் லண்டன் வைத்தியசாலை வரை போகும்போது இவை மீண்டும் வரும்.

*2. பல்க் நகரத்து அறிஞர்*

இன்றைய ஆப்கானிஸ்தானில் இருக்கும் பல்க் பிரதேசத்தில் கி.பி. 849இல் பிறந்தவர் அபூ ஸைத் அல்-பல்கி. 934இல் மரணித்தார். பக்தாதுக்குப் போய் கல்வி கற்றவர், தத்துவ அறிஞர் அல்-கிந்தியின் மாணவர். புவியியலில் இவருடைய பெயராலேயே ஒரு வரைபடப் பாரம்பரியம் அழைக்கப்படுகிறது. நமக்கு முக்கியமானது அவருடைய "மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்" என்ற நூல். உடல்களினதும் உள்ளங்களினதும் நலன்கள் என்று பொருள்.

அந்த நூலுக்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதி உடலுக்கு, இரண்டாவது உள்ளத்துக்கு. உடலுக்கு நோய் வருவது போல உள்ளத்துக்கும் வரும், ஆனால் வைத்தியர்கள் உடலைப் பற்றி மட்டும் எழுதி விட்டுப் போகிறார்கள் என்பது அவருடைய குறை. உள்ளத்துக்கான பகுதியில் எட்டு அத்தியாயங்கள். கோபம், பயம், கவலை ஆகியவற்றுக்குத் தனித்தனி அத்தியாயம் எழுதிவிட்டு, கடைசியான எட்டாவது அத்தியாயத்தை வஸ்வாஸுக்கு ஒதுக்கினார். கவலையையும் வஸ்வாஸையும் ஒரே கூடைக்குள் போடாமல் வேறு வேறு நோயாக அவர் பிரித்ததுதான் இன்றைய ஆய்வாளர்கள் வியக்கும் இடம்.

வைத்தியமாக அவர் சொன்னது என்ன? தனிமையில் கிடக்க வேண்டாம், சும்மா இருக்க வேண்டாம், நம்பிக்கையானவர்களோடு சேர்ந்து இருங்கள் என்றார். அதோடு, வீட்டில் அவசரத்துக்கு மருந்து எடுத்து வைப்பது போல, மனம் நன்றாக இருக்கும் நேரத்திலேயே நல்ல, தெளிவான சிந்தனைகளைச் சேர்த்து வைத்து, பயம் வந்து தாக்கும் நேரத்தில் அவற்றை எடுத்துப் பாவியுங்கள் என்றும் சொன்னார்.

இந்த நூல் பல நூற்றாண்டுகள் இஸ்தான்பூலில் கையெழுத்துப் பிரதியாகக் கிடந்தது. 1984இல் பேராசிரியர் புஆத் ஸெஸ்கின் பிராங்க்பர்ட்டில் அதன் நகல் பதிப்பை வெளியிட்டார். சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரி உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அது 2013இல் வெளிவந்தது. 2015இல் ரானியா அவாத், ஸாரா அலி ஆகிய இருவர், பல்கியின் வஸ்வாஸ் அத்தியாயத்தை இன்றைய ஓ.சி.டி நோய்க்கான அடையாளங்களோடு ஒப்பிட்டு மருத்துவ சஞ்சிகையொன்றில் கட்டுரை எழுதினார்கள்.

ஒரு விடயத்தில் நிதானம் வேண்டும். இதைக் கேட்டவுடன் "எல்லாம் நாம்தான் கண்டுபிடித்தோம்" என்று பதிவு போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பல்கி தனது காலத்தின் பித்த வைத்தியக் கோட்பாட்டுக்குள் நின்று எழுதியவர். அவருடைய நூல் ஐரோப்பாவுக்குப் போய் அங்கிருந்து இன்றைய சிகிச்சை பிறக்கவில்லை. இரண்டும் வேறு வேறு பாதைகள். ஆனால் மனதின் இந்த வருத்தத்தை நோய் என்று பெயர் சொல்லி, அதற்கு மருந்து உண்டு என்று எழுதும் துணிவு நமது நாகரிகத்தில் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே இருந்தது. அந்த அளவு பெருமை உண்மையானது, நமக்கு அதுவே போதும்.

*3. இமாம்கள் எழுதிய மருந்துச் சீட்டு*

பல்கிக்குப் பின்னர் வஸ்வாஸ் பற்றி அதிகம் எழுதியவர்கள் பிக்ஹ் அறிஞர்கள். காரணம் எளிது. பாதிக்கப்பட்டவர்கள் வைத்தியரிடம் போகவில்லை, பத்வா கேட்டு இமாம்களிடம் வந்தார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்), மரணம் கி.பி. 1111, இஹ்யாவில் உள்ளத்தின் அற்புதங்கள் பற்றிய பாடத்தில் எண்ணத்தைப் படிப்படியாகப் பிரித்தார். முதலில் உள்ளத்தில் ஓர் எண்ணம் விழுகிறது. பிறகு அதன் பக்கம் ஒரு சாய்வு. பிறகு அதைச் செய்யலாம் என்ற முடிவு. கடைசியாக உறுதியான தீர்மானம். முதல் இரண்டும் மனிதனுடைய தெரிவில் இல்லாதவை, ஆகவே அவற்றுக்குக் குற்றம் பிடிக்கப்படுவதில்லை என்று விளக்கினார். சுத்தம் பற்றிய பாடத்தில், முன்னோர்கள் உள்ளத்தின் சுத்தத்துக்குத்தான் சிரமப்பட்டார்கள், தண்ணீர் விடயத்தில் இலகுவாக நடந்தார்கள் என்று எழுதி, உமர் (ரழி) அவர்கள் ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் பாத்திரத்திலிருந்த தண்ணீரில் வுழூச் செய்ததை எடுத்துக் காட்டினார்.

பக்தாதின் ஹன்பலி அறிஞர் இப்னு அகீலிடம் (மரணம் 1119) ஒருவர் வந்த சம்பவத்தை இப்னுல் ஜவ்ஸி பதிவு செய்திருக்கிறார். பல தடவை தண்ணீரில் முழுகியும் சுத்தமானேனா என்று சந்தேகமாக இருக்கிறது, என்ன செய்வது என்று வந்தவர் கேட்டார். நீங்கள் போகலாம், உங்களுக்குத் தொழுகை கடமையில்லை என்றார் இப்னு அகீல். திகைத்துப் போனவரிடம், புத்தி பேதலித்தவர் மீது கடமை இல்லை என்று ஹதீஸ் இருக்கிறது, பல தடவை முழுகியும் நனைந்தேனா என்று சந்தேகப்படுபவர் வேறு யார் என்று கேட்டாராம். கடுமையான பதில்தான். இன்று ஒரு நோயாளியிடம் நாம் இப்படிப் பேசக் கூடாது. ஆனால் அந்தக் கடுமைக்குள் ஒரு விளக்கம் இருக்கிறது. இது மார்க்கப் பேணுதல் அல்ல, நோய் என்று அவர் அடையாளம் கண்டுவிட்டார்.

டமஸ்கஸின் இப்னு குதாமா (மரணம் 1223) வஸ்வாஸ்காரர்களைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். நபியவர்கள் ஒரு முத்து தண்ணீரில், அதாவது ஏறத்தாழ முக்கால் லீற்றரில், வுழூச் செய்திருக்கிறார்கள் என்ற ஹதீஸைக் காட்டி, அதற்கு மேல் உனக்கு எந்தப் பேணுதல் தேவை என்பதே அவருடைய வாதம். பிற்காலத்தில் இப்னுல் கையிம் அந்நூலின் பெரும் பகுதியைத் தனது இகாஸதுல் லஹ்ஃபானில் சேர்த்துக் கொண்டார்.

நமது ஷாபிஈ மத்ஹபிலும் இதற்குத் தனி இடம் உண்டு. நிய்யத் தக்பீரோடு சேர்ந்து வர வேண்டும் என்பது நமது மத்ஹபின் சட்டம். இதைப் பிடித்துக் கொண்டுதான் பலர் "அல்லாஹு அக்பர்" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தவிக்கிறார்கள். இமாமுல் ஹரமைன், கஸ்ஸாலி, நவவி போன்ற இமாம்கள், ஒவ்வொரு எழுத்தோடும் நிய்யத் ஒட்டியிருக்கத் தேவையில்லை, தொழுகிறேன் என்ற கவனம் வழமையான அளவில் இருந்தால் போதும் என்ற கருத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டம் தெரிந்தவர்களே மனிதர்களின் சிரமத்தைக் கண்டு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

16ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த, துஹ்பதுல் முஹ்தாஜ் எழுதிய இப்னு ஹஜர் அல்-ஹைதமியிடம் வஸ்வாஸுக்கு மருந்து உண்டா என்று நேரடியாகவே கேட்கப்பட்டது. உண்டு, பயனுள்ள மருந்து ஒன்றுதான், அதை முற்றாகப் புறக்கணிப்பது என்று பதிலளித்தார். உள்ளத்தில் எவ்வளவு தடுமாற்றம் இருந்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்காமல் விட்டால் அது நிலைக்காது, கொஞ்சக் காலத்தில் போய்விடும். அதற்குச் செவிசாய்த்து அது சொன்னபடி செய்தால் கூடிக்கொண்டே போய், மனிதனைப் பைத்தியக்காரரின் நிலைக்குக் கொண்டு போய் விடும் என்று எச்சரித்தார்.

இந்தக் கடைசிப் பத்வாவில் நோயின் பொறிமுறையே இருக்கிறது. கீழ்ப்படிந்தால் வளரும், கீழ்ப்படியாவிட்டால் தேயும்.

*4. ஐரோப்பாவின் பாதை*

இதே வருத்தம் கிறிஸ்தவ உலகத்திலும் இருந்தது. அங்கே பாவமன்னிப்புக்காகப் பாதிரியாரிடம் போய் ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்பவர்கள் இருந்தார்கள். ஆங்கிலேயப் போதகர் ஜோன் பன்யன் 1666இல் வெளியிட்ட தன் வரலாற்று நூலில், இறைநிந்தனையான எண்ணங்கள் தன்னை வருடக்கணக்கில் வதைத்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். நமது ஊரில் ஒருவர் அதை வாசித்தால் தன் கதையென்றே நினைப்பார்.

19ஆம் நூற்றாண்டில் இது பள்ளிகளிலிருந்தும் தேவாலயங்களிலிருந்தும் வைத்தியசாலைக்குப் போனது. பிரான்ஸின் எஸ்கிரோல் 1838இல் வெளியிட்ட நூலில் ஓர் இளம் பெண்ணின் கதையைப் பதிவு செய்தார். பிறருடைய பொருள் ஏதும் தன்னோடு ஒட்டி வந்து விடுமோ என்று பயந்து உடுப்பையும் கையையும் ஓயாமல் உதறிப் பார்ப்பவர் அவர். தன் பயம் அர்த்தமற்றது என்பது அவருக்கே தெரியும், ஆனாலும் நிறுத்த முடியவில்லை. பிரெஞ்சு வைத்தியர்கள் இதைச் "சந்தேக நோய்" என்றும் அழைத்தார்கள். 1903இல் பியர் ஜனே இதைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். 1909இல் பிராய்ட் தனது புகழ்பெற்ற நோயாளியொருவரின் கதையை வெளியிட்டு, மனதின் ஆழத்தில் புதைந்த காரணத்தைத் தேட வேண்டும் என்றார்.

தேடினார்கள். காரணங்கள் பற்றிய விளக்கங்கள் பெருகின, கைகழுவுதல் குறையவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் இந்த நோய் சிகிச்சைக்கு மசியாத நோய் என்றே வைத்தியர்கள் நினைத்தார்கள். மிகக் கடுமையானவர்களுக்கு மூளையில் சத்திரசிகிச்சை செய்த காலமும் அதுதான். எண்ணம் வந்தவுடன் "நிறுத்து" என்று உரக்கச் சொல்லுதல், கையில் இறப்பர் பட்டியைப் போட்டு இழுத்து அடித்தல் போன்ற முறைகளும் சில காலம் இருந்தன. அவற்றால் பெரிய பயன் கிடைக்கவில்லை. ஏன் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

*5. 1966: திருப்புமுனை*

லண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒருவருக்குக் கழுவும் வருத்தம். மற்றவருக்கு இறைநிந்தனையான எண்ணங்கள். இருவருக்கும் அதுவரை செய்த வைத்தியங்கள் பலனளிக்கவில்லை.

மேயர் செய்தது எளிமையானது, ஆனால் அதுவரை யாரும் ஒழுங்காகச் செய்து பார்க்காதது. நோயாளி எதற்குப் பயப்படுகிறாரோ அதை எதிர்கொள்ள வைத்தார். அதன் பின் அவர் வழமையாகச் செய்யும் கழுவுதலை, திரும்பச் செய்தலைச் செய்ய விடாமல் தாதியர்களின் உதவியோடு தடுத்தார். ஆரம்பத்தில் பதற்றம் உச்சத்துக்கு ஏறியது. கழுவாமல் விட்டும் நோயாளி பயந்த விபரீதம் எதுவும் நடக்கவில்லை. பதற்றம் தானாக இறங்கியது. இருவரும் நன்றாகத் தேறினார்கள். 1974இல் மேயரும் சகாக்களும் 15 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டபோது, அவர்களில் பெரும்பாலானோர் நல்ல முன்னேற்றம் கண்டிருந்தார்கள். மேற்கு நாடுகளில் பிறகு நடந்த நிறைய ஆய்வுகள் இதை உறுதி செய்தன. இதுதான் இன்று எக்ஸ்போஷர் அன்ட் ரெஸ்பொன்ஸ் பிரிவென்ஷன், சுருக்கமாக ஈ.ஆர்.பி. என்று அழைக்கப்படுகிறது. பயப்படுவதை எதிர்கொள், பயத்துக்காகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இரு.

இப்னு ஹஜர் அல்-ஹைதமியின் பத்வாவை மீண்டும் ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.

*6. நமது நாட்டவர் ஒருவரின் பங்கு*

இந்த வரலாற்றில் இலங்கைக்கும் இடமுண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. லண்டன் உளமருத்துவ நிறுவனத்தில் பணியாற்றிய பத்மல் டி சில்வா இலங்கையர். அவரும் ஜக் ரக்மன் என்ற உளவியலாளரும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

அவர்கள் நோயாளிகளிடம் மட்டும் கேட்கவில்லை. எந்த நோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடமும், விரும்பாத, அருவருப்பான, பயங்கரமான எண்ணங்கள் உங்களுக்கு வருவதுண்டா என்று கேட்டார்கள். ஏறத்தாழ 80 சதவீதமானோர் ஆம் என்றார்கள். பிள்ளைக்குத் தீங்கு செய்வது, வணக்கஸ்தலத்தில் ஆபாச எண்ணம், ஓடும் ரயிலின் முன் ஒருவரைத் தள்ளி விடுவது போன்ற எண்ணங்கள் சாதாரண மனிதர்களுக்கும் வருகின்றன. எண்ணங்களை எழுதிக் கொடுத்து, இதில் நோயாளியுடையது எது, சாதாரணமானவருடையது எது என்று கேட்டபோது துறைசார்ந்தவர்களுக்கே இலகுவில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வித்தியாசம் எண்ணத்தின் உள்ளடக்கத்தில் இருக்கவில்லை. எவ்வளவு அடிக்கடி வருகிறது, எவ்வளவு வேதனை தருகிறது, தள்ளி விடுவது எவ்வளவு கஷ்டம் என்பதில்தான் இருந்தது. 2014இல் துருக்கி, ஈரான் உட்பட 13 நாடுகளில் 777 மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் முந்திய மூன்று மாதத்துக்குள் இப்படி ஓர் எண்ணமாவது வந்ததாகச் சொன்னார்கள்.

பத்மல் டி சில்வா இன்னொரு வேலையும் செய்தார். புத்த மதத்தின் பாளி நூல்களில், வேண்டாத எண்ணங்களைக் கையாள்வதற்குச் சொல்லப்பட்ட வழிகளை இன்றைய சிகிச்சை முறைகளோடு ஒப்பிட்டு எழுதினார். தன் மரபை வைத்தியத்தோடு சேர்த்து வாசிக்க அவர் வெட்கப்படவில்லை. நமது மரபை நாமும் அப்படி வாசிக்கலாம்.

*7. வெள்ளைக் கரடி*

"நிறுத்து" முறை ஏன் பலனளிக்கவில்லை என்பதற்கு 1987இல் அமெரிக்க உளவியலாளர் டானியல் வெக்னர் செய்த பரிசோதனை விடை தந்தது. ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்க வேண்டாம், நினைத்தால் மணியை அடியுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். மணி அடித்துக் கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு நினைக்க அனுமதி கொடுத்தபோது, ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களை விட இவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது. அமுக்கினால் திமிறும். எண்ணம் வந்து விட்டதா என்று காவல் காப்பதே எண்ணத்தை அழைத்து வருகிறது.

1985இல் போல் சல்கோவ்ஸ்கிஸ் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். எண்ணம் எல்லோருக்கும் வரும். "இது எனக்கு வந்ததென்றால் நான் அதைச் செய்து விடுவேன், தடுப்பது என் பொறுப்பு" என்று அதற்கு அர்த்தம் கொடுக்கும்போதுதான் நோய் ஆரம்பிக்கிறது என்றார். அந்த அர்த்தத்தைச் சோதித்துப் பார்ப்பதே அறிவாற்றல் சிகிச்சை. பின்னர் வந்த ஏற்பும் உறுதிப்பாடும் சார்ந்த ஏ.சி.டி. சிகிச்சை, எண்ணத்தை வெறும் எண்ணமாகப் பார்த்து, வந்து போக விட்டுவிட்டு, உனக்கு முக்கியமான வேலையைச் செய் என்று பழக்குகிறது.

மருந்தும் உண்டு. க்ளோமிப்ரமின் என்ற மருந்து இந்த நோய்க்கு உதவுவதை 1960களில் கவனித்தார்கள். இன்று ஃப்ளுவொக்ஸடின், செர்ட்ரலின் போன்றவற்றை வைத்தியர்கள் அதிகம் கொடுக்கிறார்கள். இவை தூக்க மாத்திரைகள் அல்ல, போதை தருபவையும் அல்ல. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு கிழமைகள் வரை எடுக்கலாம். இரண்டு கிழமையில் "சரி வரவில்லை" என்று நிறுத்துவதுதான் நம்மவர்கள் விடும் பெரிய தவறு. கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியரின் வேலை.

*8. நமது ஊருக்கு என்ன?*

ஓ.சி.டி நோய் வாழ்நாளில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு வரலாம் என்பது பொதுவான கணிப்பு. ஆயிரம் பேர் ஜும்ஆவுக்கு வரும் பள்ளிவாசலில் இருபது பேர் அளவில் இருக்கக் கூடும். ஆகவே சில விடயங்களைத் தெளிவாகப் பேச வேண்டும்.

இந்த எண்ணங்களால் அவதிப்படுபவர்களுக்கு: எண்ணம் நீங்கள் அல்ல. அது உங்களுக்குப் பிடிக்காததால்தான் வேதனை தருகிறது. ஸஹாபாக்களுக்கு வந்தது, நோயில்லாத பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு வருகிறது. அதோடு சண்டை பிடிக்கவும் வேண்டாம், அதற்காக மறுபடி கழுவவும் வேண்டாம், மறுபடி ஷஹாதா சொல்லவும் வேண்டாம். பாதுகாவல் தேடுங்கள், ஒரு தடவை. அதையே நூறு தடவை சொல்லிப் பதற்றத்தைத் தணிக்கப் பார்த்தால், திக்ரும் அந்த நோயின் சடங்காக மாறி விடும்.

வீட்டாருக்கு: "உம்மா, நான் சரியாகக் கழுவினேனா? வாப்பா, எனக்குப் பாவம் வருமா?" என்று பிள்ளை இருபது தடவை கேட்கும். அன்பினால் இருபது தடவையும் பதில் சொல்கிறோம். அந்தப் பதிலும் கழுவுதலைப் போன்றதுதான், ஐந்து நிமிட நிம்மதியைத் தந்து விட்டு மறுபடி கேட்க வைக்கும். ஏசவும் வேண்டாம், பகிடி பண்ணவும் வேண்டாம். "இது வஸ்வாஸ் கேட்கும் கேள்வி மகன், நாம் அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை" என்று அன்பாகச் சொல்லிவிட்டு வேறு வேலைக்குக் கூட்டிப் போங்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கு: எழுதியதைத் திரும்பத் திரும்ப அழிக்கும் பிள்ளை, ஒரே வரியை வாசித்து முடிக்காமல் பரீட்சையில் நேரம் போதாமல் போகும் பிள்ளை, அடிக்கடி கழிவறைக்குப் போய் கை சிவக்க வரும் பிள்ளை சோம்பேறியல்ல. தண்டிக்க முன்னர் உளவளத்துணை ஆசிரியரிடம் பேசுவோம்.

மௌலவிமார்களிடம் ஒரு பணிவான வேண்டுகோள்: ஒரே சந்தேகத்தைப் பத்துத் தடவை கேட்டு வருபவருக்குப் பதினோராவது பத்வா மருந்தாகாது. அவருக்கு உங்களிடமிருந்து தேவைப்படுவது ஒரே ஒரு வாக்கியம்: "உங்களுக்கு ஒரு தடவை போதும், திரும்பச் செய்யக் கூடாது, இதுதான் உங்களுக்கான சட்டம்." நீங்கள் அப்படிச் சொன்னால் வைத்தியரின் பாதி வேலை முடிந்து விடும். ஏனென்றால் ஈ.ஆர்.பி. என்றால் ஹராமானதைச் செய்ய வைப்பார்கள் என்ற பயம் மக்களிடம் இருக்கிறது. நல்ல வைத்தியர் அப்படிச் செய்வதில்லை. மூன்று தடவை கழுவியதோடு பைப்பை மூடுவதும், சந்தேகத்தோடேயே தொழுகையை முடிப்பதும்தான் நமது ஆட்களுக்கான எக்ஸ்போஷர். அவை ஏற்கனவே ஷரீஅத்தில் உள்ளவை.

குர்ஆன் ஓதுவதையும் துஆவையும் யாரும் விடச் சொல்லவில்லை. ஆனால் ஓதிப் பார்ப்பவரிடம் வருடக்கணக்கில் அலைந்து, காசையும் கொடுத்து, நோயை முற்ற விட்டு, கடைசியில் வைத்தியசாலைக்கு வருவது நமது ஊர்களில் வழமையாகி விட்டது. பல்கி வைத்தியராகவும் எழுதினார், முஸ்லிமாகவும் எழுதினார். இரண்டுக்குமிடையில் அவர் சண்டை காணவில்லை.

போதனா வைத்தியசாலைகளிலும் பல ஆதார வைத்தியசாலைகளிலும் மனநல கிளினிக் இருக்கிறது. அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் செலுத்தத் தேவையில்லை. அங்கொட தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைத்துப் பேசலாம். ஒரு விடயம் முக்கியம்: வாழ்வதில் விருப்பமில்லை என்று ஒருவர் பேசினால், அல்லது யாரும் இல்லாத இடத்தில் குரல்கள் கேட்டு அவை கட்டளை இடுவதாகச் சொன்னால், அது வேறு விடயம். அன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிப் போங்கள், தனியாக விட வேண்டாம்.

இந்த நோயால் அவதிப்படுபவர்கள் தமக்குள் வைத்திருக்கும் ரகசியம் மிகப் பாரமானது. ஸஹாபாக்கள் அந்தப் பாரத்தை நபியவர்களிடம் வந்து சொன்னார்கள், சொன்னதால்தான் அந்தப் பதில் நமக்கும் கிடைத்தது. நமது வீட்டிலோ வகுப்பிலோ ஸஃப்பிலோ ஒருவர் அப்படிச் சொல்ல வந்தால், முகம் சுளிக்காமல் கேட்பது நமது கடமை.

அல்லாஹ் நோயுற்ற எல்லா உள்ளங்களுக்கும் ஷிபாவைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.